முன் சீட்டில் உட்கார்ந்திருந்தவள்

ரேணுகாம்பாளை நல்லவள் என்று எழுதினால் அவளே என்னை அடிக்க வருவாள். அதனால் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். மறப்பதும் மன்னிப்பதும் அவள் ஜாதகத்திலேயே கிடையாது. பள்ளிக்கூடத்தில் தன் ஜடையைப் பிடித்து இழுத்தவளின் பெயரை இன்றைக்கும் சொல்வாள். அவள் எந்த ஊரில் வாக்கப்பட்டு என்ன பாடு படுகிறாள் என்பதையும் விசாரித்து வைத்திருப்பாள், அதுவும் சிரித்துக்கொண்டே.

எங்கள் பழக்கம் என் கடையால் வந்தது. செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் தங்குகிற வீடுகள் பெருகிய சமயத்தில் நான் அங்கே ஒரு நெட் சென்டர் வைத்தேன். பலகையில் 'அருணா நெட் சென்டர்' என்று என் பெயர்தான் இருக்கும். பக்கத்திலேயே கார் ஸ்டாண்டு. ஸ்டாண்டை ஒட்டி ரேணுகாம்பாளின் படவேட்டம்மன் டிராவல்ஸ். அவளுக்கு வருகிற மெயிலைப் படித்துச் சொல்வதும், அவள் சொல்கிற பதிலை இங்கிலீஷில் தட்டுவதும் என் வேலை. இங்கிலீஷ் பேச அவளுக்கு நன்றாகவே வரும். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையில் அவள் அப்பாவுக்குப் பெட்டிக் கடை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி வெள்ளைக்காரர்களுக்குத் தண்ணீர் பாட்டில் விற்றே பேசக் கற்றுக்கொண்டாள். எழுத்துதான் பிடிபடவில்லை.

மாவட்டம் பிரிந்த வருஷம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை இருசப்பன், கீழ்பென்னாத்தூர் பக்கம். நல்ல டிரைவர், மோசமான குடிகாரர். ஒரு நாள் குடித்துவிட்டு ரோட்டோரம் விழுந்து கிடந்தவரை அப்படியே பஸ்ஸில் ஏற்றிப் படவேட்டுக்குக் கொண்டுபோய், கோயில் வாசலில் இனிக் குடிப்பதில்லை என்று கையில் காப்புக் கட்டிவிட்டாள். "இத கழட்டுனா என்னையும் கழட்டி உட்டுட்டுப் போ" என்றாள். அதோடு அவர் தொடவில்லை. நாய் வாலை நிமிர்த்த முடியுமா என்று ஊர் சிரித்தது. அவள் நிமிர்த்திக் காட்டினாள். தன் நகைகளை விற்று ஒரு பழைய அம்பாசடர் வாங்கினாள், பிறகு அதைக் கொடுத்துவிட்டு ஒரு சுமோ. மெட்ராஸ் ஏர்போர்ட்டில் இறங்குகிற வெள்ளைக்காரர்களை ஊருக்குக் கூட்டி வருவதுதான் தொழில்.

அந்தத் தொழில் எப்படி நடந்தது என்று சொன்னால்தான் மற்றது புரியும். உலகம் சுற்றுகிற ஆட்கள் தாங்கள் போய் வந்த ஊரைப் பற்றி, தங்கிய இடத்தைப் பற்றி எழுதுகிற ஒரு வெப்சைட் இருந்தது. அடுத்து வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் மெயில் அனுப்புவார்கள். படவேட்டம்மன் என்பது வாயில் நுழையாததால் வெள்ளைக்காரர்களுக்கு இவர்கள் 'அம்மன் கார்ஸ்'. இருசப்பனின் காரில் வந்த ஒரு கிழவி, "அம்மன் கார்ஸில் வாருங்கள், அந்த டிரைவர் அதிகம் பேசமாட்டார், ஆனால் நீங்கள் தூங்கலாம்" என்று அதில் எழுதிவைத்தாள். அந்த ஒரு வரிதான் இவர்களுக்குச் சோறு போட்டது. ஊருக்குள் யாரும் அவரைத் திருந்தியவர் என்று நம்பாத காலத்தில், முகம் தெரியாத தேசத்தில் அவருக்கு நல்ல பெயர் இருந்தது. அதை மாதத்துக்கு ஒரு முறையாவது என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்பாள். அவர் வெளியே நின்று, கேட்காதது போல டயரைத் தட்டிக்கொண்டிருப்பார்.

இது ராமகிருஷ்ணனுக்குப் பொறுக்கவில்லை. அதே ஸ்டாண்டில் மலைவலம் டூர்ஸ் என்று வண்டிகள் வைத்திருந்தவர் அவர். பி.காம். படித்தவர், இஸ்திரி போட்ட சட்டை, நுனிநாக்கு இங்கிலீஷ். வெள்ளைக்காரர்களை நம்பிப் புதுக் குவாலிஸ் ஒன்றைக் கடனில் எடுத்து நிறுத்தினார். வெள்ளைக்காரர்களோ அதைத் தாண்டிப் போய் ரேணுகாம்பாளின் பழைய சுமோவில் ஏறினார்கள். அவர் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. வணக்கம் வைத்தால் பதிலுக்குத் தலையாட்டுவார்.

இரண்டாயிரத்து நாலில், கோடை முடிகிற சமயம், ஒரு வெள்ளைக்காரப் பையன் என் கடையில் அந்த வெப்சைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் போனபோது 'அம்மன் கார்ஸ்' என்ற எழுத்து கண்ணில் பட்டது. அவன் எழுந்து போனதும் உட்கார்ந்து படித்தேன். ஆள் அனுப்பி அவளைக் கூப்பிட்டேன்.

கிளாரா என்ற பெயரில் ஒருத்தி எழுதியிருந்தாள். ஏர்போர்ட்டிலிருந்து அம்மன் கார்ஸில் வந்தாளாம். செஞ்சி தாண்டி, கீழ்பென்னாத்தூருக்கு முன்னால் ஒரு புளிய மரத்தடியில் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்து வண்டி நின்றுவிட்டதாம். டிரைவர் அவளைத் தனியாக விட்டுவிட்டுப் போய்க் குடித்துவிட்டு வந்தானாம். ஊர் வந்து பார்த்தால் பையில் இருந்த டாலரைக் காணோமாம். "இந்தக் கம்பெனி பக்கமே போகாதீர்கள்" என்று முடித்திருந்தாள்.

"இன்னொரு வாட்டி படி" என்றாள் ரேணுகாம்பாள். படித்தேன்.

"அந்தப் புளிய மரத்த மட்டும் மறுக்கா படி."

படித்தேன். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எழுதியவன் தொலைந்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"வண்டி நின்னுது நெசம், ஆனா அன்னிக்கு வண்டியில எவளும் இல்ல அருணா. ஏர்போர்ட்ல ஆள எறக்கி உட்டுட்டு இவரு காலியாத்தான் வந்தாரு. ஹோஸ் வெடிச்சுது. பூத்துலேர்ந்து ஸ்டாண்டுக்கு போன் பண்ணாரு. அப்ப ஸ்டாண்டுல இருந்தது ஒரே ஆளு."

அந்த ஒரே ஆள் ராமகிருஷ்ணன். எங்கள் ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. வழியில் நிற்கிற வண்டியை விட்டுவிட்டுப் போகக் கூடாது. ஜென்மப் பகையாளியின் வண்டியானாலும் ஆள் அனுப்ப வேண்டும். அன்றைக்கு ராமகிருஷ்ணனும் தன் டிரைவர் சரவணகுமாரிடம் ஒரு ஹோஸைக் கொடுத்தனுப்பினார். வண்டி எந்த மரத்தடியில் நின்றது என்பது அவரையும் சரவணகுமாரையும் இருசப்பனையும் தவிர வெளியே யாருக்கும் தெரியாது. உதவி செய்ததையே கத்தியாகத் தீட்டிக் குத்திவிட்டார் பாவி மனுஷன்.

ரேணுகாம்பாள் போய் விஷயத்தைச் சொன்னதும் இருசப்பன் காப்புக் கட்டிய கையால் சாவியை எடுத்து அவள் முன்னால் வைத்தார். "குடிச்சன்னு சொன்னா கூட பரவால்ல. ஒரு காலத்துல குடிச்சவன்தான். திருடன்னு எழுதிட்டாங்களே" என்றார். அன்றிலிருந்து வாடகை வண்டி ஓட்டவில்லை. கோபி என்று ஒருவனைக் கூலிக்கு வைத்து சுமோவை அனுப்பினாள். அதுவும் கொஞ்ச நாள்தான். மெயில் வருவது கம்மியாகி, பிறகு அறவே நின்றது. வந்த ஒன்றிரண்டிலும் "உங்களைப் பற்றி எழுதியிருக்கிறார்களே, நிஜமா?" என்ற கேள்விதான்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்பார்கள். உலகத்தின் வாயை மூட எந்த மூடியைத் தேடுவது? வேங்கிக்காலில் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தாள். "அந்த வெப்சைட்டு எந்த நாட்டுதும்மா?" என்று அவர் கேட்டதற்கு எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு தானே இறங்கிவிட்டாள். முதலில் கிளாராவுக்கு ஒரு பதில் சொல்லச் சொன்னாள். அவள் சொன்னதை நான் பாதிதான் இங்கிலீஷில் போட்டேன். மீதிக்கு இங்கிலீஷில் வார்த்தை கிடையாது. அந்தப் பாதியையே கெட்ட வார்த்தை என்று சொல்லி வெப்சைட்டுக்காரர்கள் மறுநாள் தூக்கிவிட்டார்கள்.

அடுத்தது இன்னும் மோசம். "அவன் பொய்ப் பேருல எழுதுனா நாமளும் எழுதுவோம். ஜான்னு எழுது, மேரின்னு எழுது. அம்மன் கார்ஸ் நல்ல கம்பெனின்னு எழுது" என்று வந்து நின்றாள்.

"வேணாங்க்கா. எல்லாம் ஒரே எடத்துலேர்ந்து வருதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுடும்."

"எப்டித் தெரியும்? என் மூஞ்சி அதுல தெரியுதா?"

அவளிடம் வாதாடி ஜெயித்தவர் இல்லை. ஜான் எழுதினார், மேரி எழுதினாள், பீட்டரும் அவர் மனைவியும் எழுதினார்கள். எல்லோரும் ஒரே மாதிரி இங்கிலீஷில் இருசப்பனைப் புகழ்ந்தார்கள். ஒரு வாரத்தில் அந்த வெப்சைட்டுக்காரர்கள் எங்கள் கம்பெனி பெயருக்கு மேலே ஒரு எச்சரிக்கைப் பலகை மாட்டிவிட்டார்கள். இந்தக் கம்பெனி தன்னைப் பற்றித் தானே பொய்யாக எழுதிக்கொள்கிறது, ஜாக்கிரதை. கிளாரா பொய். அந்தப் பலகை மட்டும் நிஜம்! ரேணுகாம்பாளுக்கு அதைப் படித்துச் சொன்னபோது அவள் மேஜையில் இருந்த என் டீ கிளாஸைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். அதற்கும் ராமகிருஷ்ணன் மேல்தான் கணக்கு எழுதிக்கொண்டாள்.

பிறகு கொஞ்ச நாள் அவள் அமைதியாக இருந்தாள். ஸ்டாண்டில் ராமகிருஷ்ணனைப் பார்த்தால் வணக்கம் கூடச் சொன்னாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஆயுத பூஜை வந்தது. ஸ்டாண்டில் எல்லா வண்டியும் குளித்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு வரிசையில் நின்றன. டிரைவர்களுக்கு வண்டிதான் சாமி. வண்டிக்கு வண்டி பானெட் மேல் தட்டில் கற்பூரம், பக்கத்தில் பொரி, கடலை, உடைக்கப் பூசணிக்காய். நானும் என் கம்ப்யூட்டர்களுக்குப் பொட்டு வைத்துவிட்டுப் பொரி வாங்கப் போயிருந்தேன். சங்கத் தலைவர் ஆதிமூலம் ஒவ்வொரு வண்டிக்காகத் தீபம் காட்டிக்கொண்டு வந்தார். ராமகிருஷ்ணனின் குவாலிஸ் முறை வந்தபோது ரேணுகாம்பாள் முன்னால் போனாள்.

"ஒரு நிமிஷம் இருங்க சார்."

"இன்னாம்மா, பூசணிக்கா ஒடைக்கிற நேரத்துல?" என்றார் ராமகிருஷ்ணன்.

"இன்டர்நெட்ல எங்க வூட்டுக்காரரப் பத்தி எழுதுனது நீங்கதான்னு நான் சொல்றேன். இல்லன்னா, நான் எழுதலன்னு சொல்லிக் கற்பூரத்த அணைச்சுடுங்க. நான் இதோட உட்டுடறேன்."

ஆதிமூலம் கையில் தட்டோடு, "நல்ல நாளும் அதுவுமா எதுக்கும்மா இது?" என்றார்.

"நல்ல நாள்லதாண்ணே கேக்கணும்."

ராமகிருஷ்ணன் சிரித்தார். படித்தவர் அல்லவா, இதெல்லாம் அவருக்குப் பட்டிக்காட்டு வேடிக்கை. "எம் புள்ளைங்க தலையில அடிச்சு சத்தியம் பண்ணணுமா?" என்றார்.

"சே! புள்ளைங்க இன்னா பாவம் பண்ணுச்சுங்க? புள்ளைங்க வேணாம், வூட்டுக்காரம்மா வேணாம். தோ, உங்க புது வண்டி நிக்குதே, அது மேல எரியிற கற்பூரம் போதும்."

பரவாயில்லை, பிள்ளைகளை விட்டுவிட்டாளே என்று நாலு பேர் தலையாட்டினார்கள். ராமகிருஷ்ணன், "நான் எழுதல. இது சத்தியம்" என்று சொல்லி, பானெட் மேல் எரிந்த கற்பூரத்தை உள்ளங்கையால் பட்டென்று அடித்து அணைத்தார். கைக்குட்டையில் கரியைத் துடைத்தார். "அவ்ளோதானே?"

"அவ்ளோதாங்க" என்று சொல்லிவிட்டு ரேணுகாம்பாள் ஒரு பிடி பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு போனாள்.

எனக்கு அவள் மேல் பற்றிக்கொண்டு வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு அவன் சிரிக்கிறான், இவள் பொரி தின்கிறாளே என்று பின்னாலேயே போனேன். "விட்டுட்டீங்களே அக்கா!" என்றேன்.

"சரவணகுமாரப் பாரு" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். குவாலிஸுக்கு உடைக்க வேண்டிய பூசணிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு சரவணகுமார் அப்படியே நின்றான். மற்ற வண்டிகளுக்கு உடைத்து முடித்து, ஆட்கள் கலைந்தும் அவன் அதைக் கீழே போடவில்லை.

மறுநாள் காலையில் அவன் குவாலிஸ் சாவியை ராமகிருஷ்ணன் மேஜையில் வைத்தான். இதை ஸ்டாண்டே பார்த்தது.

"சார், பஸ் ஸ்டாண்டு நெட் கடையில நீங்க தட்டும்போது நான் பக்கத்துல ஒக்காந்துனு இருந்தேன். படிச்சுக் காட்டி சிரிச்சீங்க. வேலை போய்டுமேன்னு நானும் வாய மூடினு இருந்துட்டேன். ஆனா நீங்க வண்டி மேல கற்பூரத்த அணைச்சுட்டீங்க. இதுல நான் ஏற மாட்டேன்."

"டேய், பைத்தியமாடா உனக்கு? சம்பளம் ஜாஸ்தி போட்டுத் தரேன்."

"மெட்ராஸ் ரோட்ல எதிர்ல லாரி வரும்போது சம்பளம் இன்னா சார் பண்ணும்?"

மத்தியானத்துக்குள் மற்ற டிரைவர்களும் சாவியை வைத்துவிட்டார்கள். ஒரு வண்டி மேல் விழுந்த பொய்ச் சத்தியம் அந்த முதலாளியின் எல்லா வண்டிக்கும்தான் என்பது அவர்கள் கணக்கு. ராமகிருஷ்ணன் வெளியூரிலிருந்து ஆள் பிடித்து வந்தார். அவர்கள் டீக்கடையில் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் கதையைக் கேட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினார்கள். அவள் ஏன் வண்டி மேல் சத்தியம் கேட்டாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பிள்ளைகள் மேல் சத்தியம் கேட்டிருந்தால் அது அவர் வீட்டோடு போயிருக்கும்.

"சாமிக்குக் கேக்குமோ கேக்காதோ அருணா" என்றாள் ரேணுகாம்பாள். "டிரைவருங்களுக்குக் கேக்கும்."

கார்த்திகை தீபம் நெருங்கியது. ஊரில் எல்லா வண்டிக்கும் ஓய்வில்லாத காலம். ராமகிருஷ்ணனின் வண்டிகள் மட்டும் வரிசையாகத் தூசி படிந்து நின்றன. அவள் தினமும் காலையில் அந்த வரிசையை ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் டீ குடிப்பாள். கடன்காரன் வந்து கத்திவிட்டுப் போன அன்று எனக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுத்தாள். கடைசியில் ராமகிருஷ்ணன் ஆதிமூலத்தைத் தூது அனுப்பினார். அணைத்த கற்பூரத்தைப் பாதிக்கப்பட்டவளே திரும்ப ஏற்றினால் சத்தியம் கழிந்துவிடும், டிரைவர்களும் ஒப்புக்கொள்வார்கள், கொஞ்சம் மனசு வைக்க வேண்டும் என்றார்.

"வெக்கறேன். முதல்ல அந்தாளு தான் எழுதுன பொய்ய தானே பொய்யின்னு எழுதட்டும். எங்க பேரு திரும்பி வந்த அன்னிக்குத் தீக்குச்சி கிழிக்கறேன். எழுதறத என் கண்ணு முன்னாடி எழுதணும். அருணா கடையில."

நான் குறுக்கே பேசினேன். "அக்கா, என் கடை வேணாம். ஜானும் மேரியும் இங்கேர்ந்துதான் எழுதுனாங்க. இதையும் நாமளே எழுதுனதா நெனைப்பாங்க. அவரு பஸ் ஸ்டாண்டு கடையிலேயே எழுதட்டும்."

"அங்க நான் எதுக்குப் போவணும்? அவன் இங்க வரணும். நான் பின்னாடி நிப்பேன். அவன் தட்டணும்."

அவள் கேட்கவில்லை. அவளுக்குப் பெயர் திரும்புவது பாதி வேண்டும், அவன் தலை குனிவதைப் பார்ப்பது பாதி வேண்டும். எது பெரிய பாதி என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

ராமகிருஷ்ணன் வந்தார். அன்றைக்குச் சட்டைக்கு இஸ்திரி இல்லை. உட்கார்ந்து நாலு வரி தட்டினார். நான் அதைத் தமிழில் சொன்னேன்: 'ஒரு சிறு தவறான புரிதல் நேர்ந்துவிட்டது, வருந்துகிறோம்.'

"நேர்ந்துடுச்சா? அதுவா நடந்து வந்து நேர்ந்துச்சா?" என்றாள் பின்னால் நின்றவள். "அழிக்கச் சொல்லு. யாரு எழுதுனது? பேரு போடச் சொல்லு."

அவர் அழித்தார். மறுபடி தட்டினார். 'கிளாரா என்று யாரும் இல்லை. மலைவலம் டூர்ஸ் உரிமையாளரான நான்தான் பொறாமையில் எழுதினேன்.'

"அவரு?"

"எவரு?" என்றார் ராமகிருஷ்ணன், திரும்பாமலே.

"எங்க வூட்டுக்காரரு. குடிக்கலன்னு போடு. திருடலன்னு போடு. ரெண்டையும் தனித்தனியா போடு."

அவர் தட்டினார். கழுத்தோரம் வியர்வை இறங்குவதை அவள் வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். அவர் எழுந்து போனபின் அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்து வெகு நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், படிக்கத் தெரியாவிட்டாலும்.

புலி வருது புலி வருது என்று கத்திய கதைதான் நடந்தது. மறுநாளே அதற்குக் கீழே ஒருவன் எழுதினான்: 'மறுபடியும் அதே ஆட்கள், அதே இடத்திலிருந்து. இப்போது எதிரியின் பெயரில் எழுதுகிறார்கள். என்ன கேவலம்!' இன்னும் பத்துப் பேர் ஆமாம் போட்டார்கள். நெஞ்சறிந்து அந்த ஆள் எழுதிய ஒரே நிஜத்தை உலகத்தில் ஒருவரும் நம்பவில்லை.

"நெசத்த எழுதுனா கூட நம்ப மாட்டாங்களா?" என்றாள் ரேணுகாம்பாள். குரல் உடைந்திருந்தது. அவள் குரல் உடைந்து நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

"நாமதான் அக்கா அவங்கள நம்பாம பண்ணிட்டோம்."

அவள் எழுந்து போனாள். பல நாள் என்னோடு பேசவில்லை. கற்பூரமும் ஏற்றவில்லை. ஆதிமூலம் வந்து, அவர்தான் எழுதிவிட்டாரே என்று கேட்டதற்கு, "எழுதச் சொன்னது பேரு திரும்பத்தான். திரும்பலியே" என்று கதவைச் சாத்தினாள். வேறு வழியில்லாமல் ராமகிருஷ்ணனே குவாலிஸை ஓட்ட ஆரம்பித்தார்.

தீபத்துக்கு நாலைந்து நாள் முன்பு செஞ்சியில் ஒரு கல்யாணம். பெண் வீட்டார் எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தவர்கள். அந்தச் சாக்கில் என்னோடு சமாதானமானாள். "வெள்ளக்காரனுக்கு ஓட்ட மாட்ட. எனக்குமா ஓட்ட மாட்ட?" என்று இருசப்பனை அதட்டி சுமோவில் உட்காரவைத்தாள். அவள் முன் சீட்டில், நான் பின்னால். சாப்பிட்டுவிட்டு வெயில் தாழத் திரும்பினோம்.

கீழ்பென்னாத்தூர் நெருங்கும்போது ரோட்டோரம் ஒரு வண்டி, பானெட் திறந்து, ஆவி பறந்துகொண்டிருந்தது. குவாலிஸ். பக்கத்தில் ராமகிருஷ்ணன், சட்டையெல்லாம் கிரீஸ், கையில் ஒரு ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் நின்றார். தள்ளி, பெட்டி மேல் ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாவுக்கு முகம் சிவந்துபோயிருந்தது.

ரேணுகாம்பாள் பார்த்துவிட்டாள். அவள் முகம் மலர்ந்ததை நான் கண்ணாடியில் கண்டேன். கெடுவான் கேடு நினைப்பான் என்பதைத் தெய்வமே அவளுக்கு ரோட்டில் போட்டுக் காட்டியது போல இருந்தது.

"நிறுத்தாத" என்றாள்.

இருசப்பன் வேகத்தைக் குறைத்தார்.

"நிறுத்தாதன்னு சொல்றேன்ல? வெயில்ல காயட்டும்!"

வண்டி நின்றது. காப்புக் கட்டிய நாளிலிருந்து அவள் பேச்சை அவர் மீறி நான் கேள்விப்பட்டதில்லை. "வழியில நிக்கிற வண்டி, ரேணுகா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இறங்கிப் போனார்.

பின்னால் டிக்கியைத் திறந்து ஒரு ரப்பர் ஹோஸும் தண்ணீர் கேனும் எடுத்தார். அந்தப் புளிய மரத்தடி சம்பவத்துக்குப் பிறகு எந்த வண்டிக்கும் வெட்டிப் பொருத்துகிற மாதிரி ஒரு ஹோஸை எப்போதும் வைத்திருந்தார் போல. ராமகிருஷ்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இருசப்பன் அவர் கையிலிருந்த ஸ்பேனரை மட்டும் வாங்கிக்கொண்டு குனிந்தார். அவர் வேலை செய்து முடிக்கும்வரை ராமகிருஷ்ணன் ரோட்டின் மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரேணுகாம்பாள் இறங்கவில்லை. வெள்ளைக்கார அம்மா எழுந்து வந்து, சிரித்தபடி, நன்றி சொல்ல அவள் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினாள். இவள் நேராக ரோட்டையே பார்த்தாள். கண்ணாடியை இறக்கவில்லை. நான் பின்னாலிருந்து தலையை ஆட்டி அசடு வழிந்தேன்.

வேலை முடிந்ததும் அந்தப் பெரியவர் நோட்டை நீட்டினார். இருசப்பன் கும்பிட்டு மறுத்துவிட்டு வந்து ஏறினார். குவாலிஸ் மறுபடி நின்றுவிட்டால் என்ன செய்வது என்று ஊர் வரைக்கும் அதன் பின்னாலேயே மெதுவாக ஓட்டினார்.

தீபம் முடிந்து கூட்டம் வடிந்தபின் அந்தத் தம்பதி என் கடைக்கு வந்தார்கள். அந்த டிரைவரின் கம்பெனி பெயர் என்ன என்று அந்த அம்மா கேட்டாள். சொன்னேன். தானே உட்கார்ந்து தட்டினாள். நான் ஒரு எழுத்து கூடச் சொல்லித் தரவில்லை, பக்கத்திலும் நிற்கவில்லை. போகும்போது, "நானும் அவரும் எத்தனையோ வருஷமாக இந்த வெப்சைட்டில் எழுதுகிறோம், எல்லோருக்கும் எங்களைத் தெரியும்" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

ரேணுகாம்பாளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் படித்தேன்.

'நாங்கள் வந்தது வேறொரு கம்பெனி வண்டியில். அது வழியில் நின்றுவிட்டது. அந்த வண்டிக்காரருக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்போது அம்மன் கார்ஸ் வண்டி ஒன்று தானாக நின்றது. அதன் டிரைவர் கையில் ஒரு மஞ்சள் காப்பு. அவர் மேல் விபூதி வாசனை தவிர வேறு வாசனை இல்லை. எங்கள் பெட்டி ஒன்று திறந்து கிடந்தது, அவர் அந்தப் பக்கம் பார்க்கக்கூட இல்லை. பணம் கொடுத்தோம், வாங்கவில்லை. இந்தக் கம்பெனியைப் பற்றி இங்கே எழுதியிருப்பதை இப்போதுதான் படித்தேன். நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன், அந்தப் பழைய எழுத்தை நம்பாதீர்கள்.'

அவள் இரண்டு கையாலும் மேஜையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "இன்னும் இருக்குதா?"

இருந்தது. நான் கொஞ்சம் தயங்கிவிட்டுப் படித்தேன். 'அந்தக் காரின் முன் சீட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நான் பார்த்ததிலேயே மிகக் கோபமான முகம் அது. நாங்கள் அங்கேயே வெந்து சாக வேண்டும் என்று அவள் விரும்பியது போல இருந்தது. கடைசிவரை கண்ணாடியை இறக்கவில்லை. மற்றபடி நல்ல கம்பெனி.'

"அத எடுக்கச் சொல்லு."

"எடுக்க முடியாதுக்கா. அவங்க எழுதுனது."

"நம்ம கம்பெனிக்குக் கெட்ட பேரு இல்ல?" என்றாள். பிறகு திரையை நோக்கி விரலை நீட்டினாள். "பொய்யா அது?"

"இல்ல."

"அப்ப இருக்கட்டும்" என்றாள்.

அந்த எழுத்துக்குக் கீழே யாரும் சந்தேகம் எழுப்பவில்லை. கூலிக்கு எழுதுகிறவன் இப்படி ஒரு பெண்ணைக் கற்பனை செய்து எழுதமாட்டான் என்று ஒருவன் போட்டிருந்தான். பொங்கலுக்கு முன்பே மெயில் வர ஆரம்பித்தது. முதல் ஏர்போர்ட் சவாரிக்கு இருசப்பன் தானாக வந்து அவள் மேஜையிலிருந்த சாவியை எடுத்துக் கண்ணில் ஒத்திக்கொண்டு போனார். அவர் வண்டி வளைவு திரும்புகிற வரைக்கும் அவள் வாசலில் நின்றாள்.

அன்றைக்கே தீப்பெட்டியோடு ஸ்டாண்டுக்குப் போனாள். ராமகிருஷ்ணனின் குவாலிஸ் பானெட்டில் கற்பூரம் வைத்து ஏற்றினாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள் என்று ஆதிமூலம் கையெடுத்துக் கும்பிட்டார். ராமகிருஷ்ணன், "மன்னிச்சுட்டியாம்மா?" என்று கேட்டார்.

"பேரு திரும்பிச்சு, ஏத்தறேன். மன்னிக்கறேன்னு நான் எப்ப சொன்னேன்?" என்றாள். எரிந்த குச்சியை அவர் காலடியில் போட்டுவிட்டு வந்தாள். அதற்கப்புறம் இதுவரை அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

கிளாரா எழுதியதும் அங்கேயே கிடக்கிறது, ஜானும் மேரியும் கிடக்கிறார்கள், அந்த வெள்ளைக்கார அம்மா எழுதியதும் இருக்கிறது. இன்றைக்கும் புதிதாக வருகிற வெள்ளைக்காரர்கள் காரில் ஏறுவதற்கு முன் டிராவல்ஸ் உள்ளே எட்டிப் பார்த்து, முன் சீட்டில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் நீங்கள்தானா என்று தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். ரேணுகாம்பாள் அதே முகத்தோடு நிமிர்ந்து, "எஸ்" என்பாள்.